இடக்கைப் பிரேக்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் சௌக்கியம். நீ, அத்தான், பாப்பா, மாப்பிள்ளை எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். போன் பண்ணலாம்தான். ஆனால் உங்கள் சைக்கிள் கடையில் காற்றடிக்கிற மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து உன் காது போன பிறகு, நான் ஒன்று சொல்ல, நீ "என்னடா? என்னடா?" என்று கத்த, பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்ட ஆரம்பித்துவிடுகிறான். நமக்குக் கடிதம்தான் சரி.

விஷயம் இதுதான். எங்கள் தெருவிலிருந்து மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலைக்குப் போகிற பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இனிமேல் சைக்கிள்தான். சாதா சைக்கிளில் அந்த மேட்டை ஏறினால் நாக்கு தள்ளிவிடும். அதனால் ஒரு ரோடு பைக் வாங்கலாம் என்று பார்க்கிறேன். ஆட்டுக்கொம்பு மாதிரிக் கீழே வளைந்த கைப்பிடி, ஒல்லி டயர். கடைக்காரர் சொன்னார்: "சார், இது ரேஸ் ஓட்டுறவங்களுக்கு இல்ல. வேலைக்குப் போறவங்க முதல்ல எடுக்கறது. உங்களுக்கு இது போதும்." என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, என் சட்டையைப் பார்த்துச் சொன்னாரா தெரியவில்லை.

நீ சைக்கிளோடு குடும்பம் நடத்துகிறவள். விலை குறைவாகவும் இருக்க வேண்டும், சீக்கிரம் பல்லிளிக்கவும் கூடாது. என்ன பார்த்து வாங்கட்டும்? நாள் முழுக்க உட்கார்ந்து திருகாணி முடுக்கிக் கை கால் மரத்துப் போகிறது. மிதித்தால் சரியாகிவிடும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் அன்புத் தம்பி


ஜனவரி 21

டேய் தம்பி,

உன் கடிதம் வந்தது, சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். அத்தானுக்கு மூட்டுவலி, எனக்குக் காது. அது நலத்தில் சேர்த்தி.

நாற்பது வயதில் ஆட்டுக்கொம்பு கேட்கிறதா உனக்கு! சரி, கேட்டுக்கொள். கடைக்காரர் பளபளப்பைக் காட்டி மயக்குவார், மயங்காதே. அலுமினியச் சட்டம் போதும். முன் சக்கரத்தைப் பிடிக்கிற கவை இரும்பாக இருந்தால் குலுக்கலைத் தாங்கும். டயர் ரொம்ப ஒல்லி வேண்டாம், பள்ளத்தில் விழுந்தால் ரிம் நெளியும். மட்கார்டு மாட்ட ஓட்டை இருக்கிறதா என்று பார். கியர் அதிகம் இருப்பது பெருமைக்குத்தான், உனக்கு மேடு ஏற ஒரு சின்ன கியர் இருந்தால் ஆயிற்று. எல்லாவற்றையும் விடச் சட்டத்தின் அளவு முக்கியம். உன் காலை அளந்து அனுப்பு என்று எழுத வந்தேன். வேண்டாம். அப்பாவின் கால்தான் உனக்கு, அதே கால்தான் நான் பெற்ற பாப்பாவுக்கும். அவள் சைக்கிளில் சீட் இருக்கிற உயரத்தை அளந்து எழுதியிருக்கிறேன், பின்பக்கம் பார். அதே உயரத்துக்கு வைக்கச் சொல்.

பிரேக்கில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. அப்பா சுவரில் போய் இடித்தது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னவன். "இடக்கைப் பிரேக் பிடிக்கலம்மா, ஒயரப் பாரு" என்பார். நான் ஒயரை மாற்றினேன். மறுபடி பிடிக்கவில்லை என்றார். எண்ணெய் விட்டேன், பிரேக் கட்டையை மாற்றினேன், மறுபடியும் ஒயரை மாற்றினேன். கோளாறு அவர் கையில் என்று யாருக்குத் தோன்றியது? அந்தச் சைக்கிளைப் பிரித்துப் பிரித்துத்தான் எனக்கு இந்தத் தொழிலே வந்தது. அப்புறம் கை போய், கால் போய், தண்ணீர் விழுங்க முடியாமல் போய், அதெல்லாம் உனக்கும் தெரியும். இது குடும்பத்தில் தொடர்ந்து வருகிற வியாதி என்று டாக்டர் சொன்னதை நாம் இரண்டு பேரும் அதற்குப் பிறகு பேசியதே இல்லை. இப்போதும் பேச வேண்டாம். எதற்கோ ஆரம்பித்து எங்கோ போய்விட்டேன்.

வாங்கினதும் எழுது. சைக்கிளைக் கட்டிக்கொள்வதோடு ஒரு பெண்ணையும் கட்டிக்கொண்டால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 6

அக்காவுக்கு வணக்கம்.

நான் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

வாங்கிவிட்டேன்! சாம்பல் நிறம். அலுமினியச் சட்டம், இரும்புக் கவை, மட்கார்டு மாட்ட ஓட்டை, எல்லாம் உன் உத்தரவுப்படி. கியர் மாற்றுகிற பிடி கீழ்க் கம்பியில் இருக்கிறது, குனிந்து மாற்ற வேண்டும். பழைய மாதிரியாம், அதனால்தான் மலிவு. சீட்டின் உயரத்தை நீ எழுதியபடி சொன்னேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அளவு எடுக்காமலே எப்படி சார் சொல்றீங்க?" என்றார். ஏறி உட்கார்ந்தேன். எனக்கென்றே செய்ததுபோல் இருந்தது.

முதல் நாள் தொழிற்சாலை வாசலில் இறங்கியபோது கூட்டம் கூடிவிட்டது. எங்கள் மேஸ்திரி, அவரை நாங்கள் பூதக்கண்ணாடி என்போம், சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "கல்யாணமே பண்ணாதவன் இதையாவது ஊர்வலம் விட்டானே" என்றார். உன் கட்சி ஆள் இங்கேயும் இருக்கிறார், பார்.

மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது, கால் நடுங்கவில்லை. இறக்கத்தில் காற்று காதில் அடிக்கிறது. ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன் அக்கா.

எல்லோருக்கும் என் அன்பு.

தம்பி


பிப்ரவரி 15

தம்பிக்கு ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் நலம். நலத்துக்கு மேலேயே ஒரு செய்தி இருக்கிறது. பாப்பா முழுகாமல் இருக்கிறாள். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை, வருகிற வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் பஞ்சர் ஒட்டிவிட்டுக் காசு வாங்க மறந்து அனுப்புகிறார். செப்டம்பரில் நீ தாத்தா முறை. தாடியை இப்போதே வளர்க்க ஆரம்பி.

கால் நடுங்கவில்லை என்று எழுதியிருந்தாய். கால் ஏன் நடுங்க வேண்டும்? சின்ன கியரில் போ, சரியா?

இடக்கைப் பிரேக் பின் சக்கரம், வலக்கைப் பிரேக் முன் சக்கரம், ஞாபகம் வைத்துக்கொள். இறக்கத்தில் முதலில் பின் பிரேக், அப்புறம்தான் முன்னது. முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் சைக்கிள் நிற்கும், நீ நிற்க மாட்டாய்.

பாப்பா உன் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அவளுக்கென்று நாலு வரி எழுது.

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நான் நலம். பாப்பா எப்படி இருக்கிறாள்? நல்ல செய்தியை அறை முழுக்கச் சொல்லிவிட்டேன். அறையில் நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

இங்கே எனக்கு ஒரு பதவி உயர்வு. திருகாணி மேஜையிலிருந்து பெட்டி கட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இடக்கையில் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்து வலக்கையால் முடுக்கி முடுக்கிச் சலித்துப் போயிருந்தேன். இப்போது பேசிக்கொண்டே வேலை செய்யலாம். பூதக்கண்ணாடிதான் ஏற்பாடு செய்தார், நல்ல மனுஷன்.

சைக்கிளில் ஒரே ஒரு தொல்லை. இடக்கைப் பிரேக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. விரல் நாலையும் போட்டு இழுத்தால்தான் வருகிறது. புதுசு என்பதால் இருக்கும். என்ன செய்யலாம்?

பாப்பாவுக்கு: கண்ணு, நல்லா சாப்பிடு, நல்லா தூங்கு, உங்கம்மா சொல்றதுல பாதியைக் கேளு. உன் தாய்மாமன்.

தம்பி


ஏப்ரல் 4

தம்பி,

நலமா? நாங்கள் நலம். பாப்பாவுக்கு வாந்தி நின்றது.

ஒயரில் அழுக்கு சேர்ந்திருக்கும். ஒயரைக் கழற்றி, உறைக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, இழுத்து இழுத்து விடு. கைப்பிடியில் சுற்றியிருக்கிற நாடாவுக்கு அடியில் உறை எங்காவது மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பார். அதிலும் சரியாகவில்லை என்றால் கடையில் புது ஒயர் போடச் சொல். மட்டமான ஒயரைத்தான் மலிவு சைக்கிளில் போடுவார்கள். எங்கள் கடையில் போன மாதம் இப்படி எத்தனையோ வந்தன. எல்லாம் ஒயர்தான்.

வெறும் ஒயர்தான்.

ராத்திரி சீக்கிரம் படு.

அக்கா


மே 30

அக்காவுக்கு,

நலம். நலம் என்றே எழுதுகிறேன்.

நீ சொன்னபடி எண்ணெய் விட்டேன், கொஞ்ச நாள் பரவாயில்லை. அப்புறம் புது ஒயர் போட்டேன். அப்புறம் இன்னொரு தடவையும் போட்டேன். கடைக்காரர் தன் சுண்டுவிரலால் இழுத்துக் காட்டி, "வெண்ணெய் மாதிரி இருக்கே சார்" என்கிறார். அவருக்கு என்ன, கடைக்குள் நின்றுகொண்டு இழுக்கிறார்.

போன வாரம் இறக்கத்தில் ஒரு குப்பை வண்டி குறுக்கே வந்தது. முன் பிரேக்கைப் பிடித்தேன், குட்டிக்கரணம் அடித்தேன். முழங்கையிலும் தாடையிலும் சிராய்ப்பு. தாடையில் தையல் போட்டதால் பேச்சு கொஞ்சம் குழறுகிறது, வேறொன்றுமில்லை. சைக்கிளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதற்கு உன்னைப் போலவே நல்ல கெட்டி உடம்பு.

பெட்டி கட்டும் இடத்திலிருந்து வாசல் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். வருகிறவர்கள் பெயரை எழுத வேண்டும், உட்கார்ந்த வேலை.

பாப்பாவிடம் நான் விழுந்ததைச் சொல்லாதே. இந்தச் சமயத்தில் அவள் பயப்படக் கூடாது.

தம்பி


ஜூன் 7

தம்பி,

இங்கே அனைவரும் நலம்.

பிரேக் கட்டைகள் நான்கையும் கழற்றி, தபாலில் எனக்கு அனுப்பு. முன்னது எது, பின்னது எது என்று எழுதி அனுப்பு. தேய்மானத்தைப் பார்த்து இங்கிருந்து சரியானதை அனுப்புகிறேன்.

பாப்பாவிடம் எதையும் சொல்லவில்லை.

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? உன் கடிதம் இவ்வளவு சின்னதாக இருந்ததே, மை தீர்ந்துவிட்டதா?

நான்கு கட்டைகளையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இப்போதைக்குக் கடைக்காரர் கொடுத்த வேறு கட்டைகளை மாட்டியிருக்கிறேன். சிவப்பு நூல் கட்டியது முன் சக்கரம், கட்டாதது பின் சக்கரம். பார், நான்கும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கின்றன. பிரேக்கை நான் ஒழுங்காகத்தான் பிடிக்கிறேன். கட்டையின் ரப்பர் மட்டம் என்பது என் அபிப்பிராயம். நீ நல்ல ரப்பராக அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும்.

வாசல் மேஜை வேலை சுகம். நாற்காலிக்குக் கை இருக்கிறது.

பாப்பாவுக்கு ஏழு மாதம் ஆகியிருக்குமே. மாடிப்படி ஏற விடாதே. குழந்தை பிறக்கட்டும், எல்லாவற்றையும் சாவகாசமாகப் பேசலாம்.

உன் தம்பி


செப்டம்பர் 26

என் தம்பிக்கு,

பாப்பாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் நலம். நல்ல எடை, நல்ல குரல், எனக்கே காது கேட்கிறது என்றால் பார்த்துக்கொள். குழந்தையைத் துடைத்து என் கையில் கொடுத்தபோது நர்ஸ் சொன்னாள்: "என்னம்மா இது, காலு இவ்வளவு நீளமா இருக்கு!" அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ அனுப்பிய கட்டைகள் வந்த அன்றே பார்த்துவிட்டேன். இரண்டு மாதம் பதில் போடாதது பாப்பாவுக்காக. பேனாவை எடுத்தால் எழுதிவிடுவேன், எழுதினால் முகத்தில் தெரிந்துவிடும், என் முகத்தை அவள் தினமும் பார்க்கிறாள். நீயும் அதற்காகத்தான் காத்திருந்தாய் என்பது எனக்குத் தெரியும்.

ரிம்மில் உரசித் தேய்ந்த கட்டையில் கோடு நீளவாக்கில் ஓடும், கறுத்து மினுங்கும், அலுமினியத் தூள் ஒட்டியிருக்கும். உன் முன் கட்டைகள் அப்படித்தான் இருந்தன. பின் கட்டைகளில் கோடு குறுக்கே இருந்தது. உப்புத்தாளால் தேய்த்திருக்கிறாய். தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில் கண்ணாடி ஓரம் தேய்த்த கையல்லவா, நாலு பக்கமும் மட்டமாக, அழகாகத் தேய்த்திருந்தாய். கடையில் உட்கார்ந்து அந்த இரண்டு ரப்பர்த் துண்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அத்தான் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடி வந்தார்.

உன் இடக்கை போய் எத்தனை நாளாகிறது? ஒயரை மாற்று, எண்ணெய் விடு என்று நான் எழுதினேனே, அப்போதே எனக்குத் தெரியும். மார்ச் மாதக் கடிதத்தில் "விரல் நாலையும் போட்டு" என்று படித்தபோதே அப்பாவின் கைதான் ஞாபகம் வந்தது. ஒயராக இருக்கட்டும், கடவுளே, ஒயராக இருக்கட்டும் என்றுதான் அதை எழுதினேன். அப்பாவுக்கு நான் அறியாமல் செய்தேன், உனக்கு அறிந்தே செய்தேன். சைக்கிளில் ஒரு கோளாறும் இல்லையடா.

பார்சலில் கட்டை இல்லை. ஒரு பிரேக் பிடி இருக்கிறது. நானே செய்தது. வலக்கை ஒன்றால் இழுத்தால் முன், பின் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும், பின்னது ஒரு இமை நேரம் முந்திப் பிடிக்கும்படி வைத்திருக்கிறேன். கைப்பிடியின் மேல்பக்கம், வளைவதற்கு முன்னால் தட்டையாக இருக்கிற இடத்தில் மாட்டச் சொல். எத்தனை நாள் ஓட்ட முடியுமோ அத்தனை நாள் ஓட்டு. விழாமல் ஓட்டு.

இன்னொன்று. கல்யாணம் பண்ணிக்கொள், பண்ணிக்கொள் என்று எத்தனை பேர் முன்னால் உன்னை ஏலம் போட்டேன்! நீ பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றாய். பண்ணிக்கொள்ளாத காரணத்தை நீ சொல்லியிருந்தால், பாப்பாவைப் பெற்றுவிட்டு நின்ற எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாய். இத்தனை வருஷம். இதை இப்போதுதான் புரிந்துகொண்டேன், மண்டு நான்.

பாப்பாவிடம் சொல்லியாக வேண்டும். என் மூலம் அவளுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. நீ இங்கே வந்துவிடு. பின்கட்டு அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். வாசற்படியை எடுத்துவிட்டுச் சரிவாக்கச் சொல்லியிருக்கிறேன்.

உனக்காகக் காத்திருக்கும்
அக்கா


அக்டோபர் 17

என் அக்காவுக்கு,

நலமா என்று கேட்கிறேன். நான் நலம் என்று எழுதவில்லை, எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா!

பிடி வந்தது. கடைக்காரரே மாட்டிக் கொடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்தக் கம்பெனி சார் இது?" என்றார். "எங்கக்கா" என்றேன். மேட்டின் உச்சியிலிருந்து இறங்கிப் பார்த்தேன். பாதி இறக்கத்தில், குப்பை வண்டி வந்த அதே இடத்தில், வலக்கையால் இழுத்தேன். சைக்கிள் சொன்னபடி நின்றது. கீழே இறங்கி ஓரமாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு ஏறி வேலைக்குப் போனேன். இந்த இரண்டு வாரமும் தினமும் அப்படித்தான், அழுகை மட்டும் இல்லை.

நேற்று மேட்டில் இடக்கால் பெடலிலிருந்து நழுவியது. இன்று காலையும் நழுவியது.

பெரிய நரம்பு டாக்டரிடம் ஏப்ரலிலேயே போனேன். ஊசி குத்திப் பார்த்துவிட்டு, கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அப்பாவைப் பற்றித்தான் கேட்டார். தாடையில் தையல் எதுவும் போடவில்லை. பேச்சு குழறுவது விழுந்ததால் இல்லை.

இன்னும் ஒரு பொய் பாக்கி இருக்கிறது. பஸ்ஸை யாரும் நிறுத்தவில்லை அக்கா. என் தெருமுனையில்தான் இன்றைக்கும் நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது. டிசம்பரில் என் இடக்கையிலிருந்து ஒரு கண்ணாடிச் சட்டம் நழுவி விழுந்தது. மறுநாளும் விழுந்தது. அப்பாவுக்குச் சைக்கிள்தான் முதலில் சொன்னது, அது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. எனக்கும் அதுவே சொல்லட்டும் என்றுதான் வாங்கினேன். பிப்ரவரி முழுக்க அது ஒன்றும் சொல்லவில்லை. நான் பிழைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அடுத்த வாரம் வருகிறேன். பூதக்கண்ணாடி பஸ் ஏற்றிவிட வருகிறார், நான் பார்க்காதபோது கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பாப்பாவிடம் நானே பேசுகிறேன். என் நாக்கு சரியாகச் சுழல்கிற வரைக்கும்தான் அது முடியும், அதனால் தள்ளிப்போட வேண்டாம். நீ பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

சைக்கிளையும் பஸ் மேலே போட்டு எடுத்து வருகிறேன். அது பாப்பாவுக்கு. உடம்பு தேறியதும் ஓட்டட்டும். சீட்டை ஏற்றவோ இறக்கவோ வேண்டியதில்லை. பழைய பிரேக் பிடிகள் இரண்டையும் துணியில் சுற்றிப் பையில் வைத்திருக்கிறேன். உன்னுடைய பிடியைக் கழற்றிவிட்டு, அவளுக்கு அந்த இரண்டையும் மாட்டிக் கொடு.

உன் தம்பி